அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது ‘நல்லதையே நினை’ என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்கிறது?

கேள்வி கேட்டவர், தம் தம்பிக்குப் பேருந்தில் போகும்போது திடீர்ப் பதற்றம் வருவதாகவும், மருத்துவர் சிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருப்பதாகவும், ‘தைரியமாக இரு, நல்லதையே நினை’ என்று வீட்டிலேயே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதையே கேட்கப் பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஏன் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தத் தம்பியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். நான் சிகிச்சை அளிப்பவன் அல்லன், பெற்றவன். பெற்ற பிறகு எனக்கு நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்வதற்காகச் சில ஆண்டுகள் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சை நல்லதை நினைக்கச் சொல்வதில்லை. பயம் சொல்வது மெய்தானா என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அந்தச் சோதனை நடந்துவிடாதபடி நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக அகற்றச் சொல்கிறது. வீட்டில் சொல்லப்படும் ஆறுதல், அன்பினால் சொல்லப்படுவதே ஆயினும், பல வேளைகளில் அந்த ஏற்பாடுகளில் ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

2018 ஜூன் மாதம். திருவட்டாற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மழைக்காக ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்த பேருந்தில், தக்கலையில் ஏறிய கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்த எனக்கு, வில்லுக்குறி நெருங்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மூச்சு போதவில்லை, விரல் நுனிகள் மரத்தன, கண் இருண்டது. மாரடைப்பு என்றே நம்பினேன். இறங்கி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி சரியாக இருந்தது. இரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே வழியில் அதே துன்பம் வந்தது. மூன்றாவது முறை பேருந்து தக்கலையைத் தாண்டுவதற்குள்ளாகவே இறங்கிவிட்டேன். இறங்கிய நொடியில் நெஞ்சு அடங்கியது. அந்த நிம்மதியை இன்றும் உடலால் நினைவுகூர முடிகிறது. ஏறத்தாழ ஓராண்டு என்னைக் கட்டிப்போட்டது அந்த நிம்மதிதான் என்பது பின்னாளில்தான் விளங்கியது.

பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, பிறகு ஏன் விலகாமல் நிற்கிறது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை 1947-இல் அமெரிக்க உளவியலாளர் மவுரர் எடுத்துக்காட்டினார். ஒட்டிக்கொள்வது, பாவ்லோவின் நாய்களுக்கு உணவோடு சேர்ந்து வந்த ஒலியே எச்சில் ஊற வைத்ததைப் போன்றது. என் விஷயத்தில் இறக்கிய ஷட்டரும் ஈரத்துணி வாடையும் அந்தப் பதற்றத்தோடு இணைந்துகொண்டன. விலகாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. பயந்த இடத்தைவிட்டு ஓடும்போதெல்லாம் உடனே நிம்மதி கிடைக்கிறது. துன்பம் நீங்குவதே பரிசாகி, ஓடும் பழக்கத்தை உறுதிப்படுத்துகிறது. எதிர்மறை வலுவூட்டல் என்று இதனைச் சொல்வார்கள். இறங்கி ஓடியவனுக்கு, இறங்காமலே இருந்திருந்தாலும் உயிர் போயிருக்காது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே வருவதில்லை.

நான் பேருந்தை அறவே விட்டுவிடவில்லை என்பதால், தவிர்க்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அண்ணன் உடன் வந்தால் ஏறுவேன். முன்வாசலை ஒட்டிய இருக்கை கிடைத்தால் ஏறுவேன். தண்ணீர்ப் புட்டியும், யாரோ சொல்லக் கேட்டு வாங்கிவைத்திருந்த நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் பையில் இருக்க வேண்டும். வழியில் இருக்கும் மருத்துவமனைகளை வரிசையாக மனத்தில் எண்ணிக்கொண்டே போவேன். நாகர்கோவிலில் நான் பார்த்த மருத்துவ உளவியலாளர் இரண்டாவது அமர்வில் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னார், பதினொன்று தேறின. “இந்தப் பதினொன்றும் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று உங்கள் மனம் நம்பிக்கொண்டிருக்கும் வரை, நீங்கள் நூறு முறை பத்திரமாகப் போய்வந்தாலும் அது கணக்கில் ஏறாது” என்றார். பாதுகாப்பு நடத்தைகள் என்று துறையில் வழங்கும் இந்தக் கருத்தைப் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் சால்கோவ்ஸ்கிஸ் விரிவாக எழுதியிருக்கிறார். என் சிகிச்சையில் எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டது இதுதான் என்பேன்.

அம்மா மந்திரித்துக் கட்டிய கயிறு ஒன்றும் என் கையில் இருந்தது. அதையும் அந்தப் பட்டியலில் எழுதத் தயங்கினேன். உளவியலாளர் அதைப் பழிக்கவில்லை. “இது உங்கள் நம்பிக்கையாக இருந்தால் இருக்கட்டும், பேருந்து ஏறும்போது மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்களா என்று கவனித்துச் சொல்லுங்கள்” என்றார். தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை, தொடுவதை நிறுத்தினேன்.

அடுத்து, பதற்றத்தின் உள்ளே நடப்பதைப் பிரித்துக் காட்டினார். 1986-இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கம் இதற்கு அடிப்படை: உடலில் சாதாரணமாக எழும் ஓர் உணர்வை, அதாவது படபடப்பையோ தலைச்சுற்றலையோ, உயிருக்கு ஆபத்தானதென்று மனம் தவறாகப் பொருள்கொள்கிறது, அதனால் பயம் கூடுகிறது, பயம் கூடியதும் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, அது முதல் எண்ணத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இதைச் சொல்லால் மட்டும் விளக்கியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒன்றரை நிமிடம் வேகவேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடச் சொன்னார். அரை நிமிடம் கடப்பதற்குள் விரல்கள் மரத்தன, தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது. வில்லுக்குறியில் வந்தது அப்படியே அந்த அறைக்குள் வந்தது! மிகைமூச்சினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதே மரத்துப்போவதற்கும் தலைச்சுற்றலுக்கும் காரணம் என்று அவர் அதன் பிறகுதான் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே என் உடல் அதைச் சொல்லிவிட்டிருந்தது. (இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் இதனைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. எனக்கும் மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்து உறுதி சொன்ன பிறகே இது செய்யப்பட்டது.)

எண்ணங்களை எழுதும் பயிற்சியும் உண்டு. ‘நல்லதையே நினை’ என்பதோடு பலரும் குழப்பிக்கொள்வது இதனைத்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற கொள்கையை உறுதிப்படுத்தவே ஆய்வில் இறங்கினார். நோயாளிகளின் கனவுகளில் கோபத்தைக் காட்டிலும் தோல்வியும் இழப்புமே மிகுந்திருக்கக் கண்டு, தம் கொள்கையையே கைவிட்டார். 1960-களில் அவர் உருவாக்கிய சிகிச்சையிலும், சான்றைப் பார்த்து எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் அந்தக் குணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மனத்தில் தானாக ஓடும் எண்ணத்தை எழுது. அதை எவ்வளவு நம்புகிறாய் என்று நூற்றுக்கு ஒரு எண்ணைப் போடு. அதற்குச் சான்று என்ன, மாறான சான்று என்ன என்று எழுது. பிறகு மறுபடியும் எண்ணைப் போடு. ‘பேருந்தில் மயங்கி விழுந்து செத்துப்போவேன்’ என்பதை நான் 90 நம்பினேன். இதுவரை எத்தனை முறை மயங்கி விழுந்திருக்கிறேன்? ஒரு முறைகூட இல்லை. பதற்றத்தின்போது பொதுவாக இரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கமோ அழுத்தம் இறங்குவதால் வருவது என்று அறிந்தபோது அந்த 90 என்பது 50 ஆனது. ‘எனக்கு ஒன்றும் ஆகாது, நான் வலிமையானவன்’ என்று எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்படி எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். இரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுபவர்களுக்கு அழுத்தம் இறங்கி மயக்கம் உண்மையாகவே வரக்கூடும். அவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி பொருந்தாது. கை கால் தசைகளை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் முறையைச் சுவீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்தார். ஒரே பெயரில் வழங்கினாலும் ஆளுக்கும் பயத்துக்கும் ஏற்பச் சிகிச்சையின் வழிமுறை மாறுகிறது.

எஞ்சிய 50 எழுத்தால் குறையவில்லை, பேருந்தில்தான் குறைந்தது. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு, அவன் விரும்பி உண்ணும் நேரத்தில் முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதை 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே அந்த வழியைப் படிப்படியான முறையாக்கி 1958-இல் நூலாக வெளியிட்டார். என் ஏணியின் படிகள் எங்கள் ஊர்ச் சாலையிலேயே இருந்தன. முதல் வாரம் திருவட்டாற்றிலிருந்து வேர்க்கிளம்பி வரை, கூட்டமில்லாத மதிய வேளையில். பிறகு அழகியமண்டபம், பிறகு தக்கலை. அதன் பிறகு அண்ணன் இல்லாமல். பிறகு மாத்திரை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், கடைசி இருக்கையில். இறுதியாக, காலை எட்டரை மணி நெரிசலில், ஷட்டர் இறக்கிய மழை நாளில், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம் வரை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். முடிந்ததும் நடந்ததை எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று: பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது. தக்கலைப் படியில் நான்கு நாள் தவறி இறங்கினேன். உளவியலாளர் என்னைக் கடிந்துகொள்ளாமல், படியைப் பாதியாகப் பிளந்து கொடுத்தார். பயணத்தில் பதற்றம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்த கேடு வரவில்லை என்பது மனத்தில் பதிந்ததா என்பதே முக்கியம் என்று இத்துறையின் அண்மைய ஆய்வாளர்கள் வற்புறுத்துவது என் அனுபவத்தோடு பொருந்துகிறது. வடசேரியில் முதல் முறை இறங்கியபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அதைக் கண்டு எனக்குப் பயமில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதிர்கொள்ளச் சொல்வது பொய்ப் பயத்தை மட்டுமே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்தவர்களின் வீடுகளில், எச்சரிக்கை வந்த நாளில் கடலுக்குப் போக மறுப்பது நோயன்று, அது அறிவு. அதே வீட்டில் ஒருவர் ஆண்டுகள் பல கடந்தும் அமைதியான மாலையில் கடற்கரை மணலில் கால் வைக்க முடியாமல் இருந்தால், காற்று ஜன்னலில் மோதும் ஒலிக்கே நடுங்கினால், அதற்குச் சிகிச்சை உண்டு. கடல் ஆபத்தற்றது என்று அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு நடந்த துயரத்தின் நினைவும் இன்றைய காற்றும் வேறுவேறு என்று மனம் பிரித்தறிய உதவுவார்கள். அதனைத் தேர்ந்தவர் ஒருவருடைய துணையோடுதான் செய்ய வேண்டும்.

பேருந்தை விட்ட மாதங்களில் எனக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. வேலைக்கு விடுப்பு, கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை, கூட்டாளிகளைப் பார்க்கவில்லை. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தேன். உளவியலாளர் அதைத் தலைகீழாக்கி, முதலில் செய்யுங்கள், மனம் பின்னால் வரும் என்று ஒரு வார அட்டவணை போட்டுக் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு அப்பாவுடன் ரப்பர்த் தோட்டத்துக்குப் போவது என்பது அதில் முதல் வரி. இந்த எளிய முறையை, உளவியல் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டு, கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உடையவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்துப் பார்த்து, பயன் தருவதாக மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இனி உங்கள் பங்கு. பதற்றம் வரும்போதெல்லாம் நான் பேருந்திலிருந்தே அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுவேன். “ஒண்ணும் இல்ல மக்களே, பயப்படண்டாம்” என்பார். அந்தக் குரல் கேட்டதும் அடங்கும். பட்டியலில் இருந்த பதினொன்றில் கடைசியாக விட்டதும், விடுவதற்கு மிகக் கடினமாக இருந்ததும் அதுதான். உளவியலாளர் அம்மாவை ஒருநாள் அழைத்து, பயணத்தின்போது நான் அழைத்தால் எடுக்க வேண்டாம், இறங்கிய பிறகு ‘எப்படி இருந்தது’ என்று மட்டும் கேளுங்கள் என்றார். அம்மாவுக்கு அது கொடுமையாகத்தான் பட்டிருக்கும். ஆயினும் செய்தார். உங்கள் தம்பிக்கும் இப்படி ஒரு நிலை வரலாம். ஆனால் உளவியலாளர் சொல்வதற்கு முன்னால் நீங்களாக அதைத் தொடங்க வேண்டாம், அவரோடு பேசி எந்தக் கட்டத்தில் என்று முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பதினான்கு அமர்வுகள், ஐந்து மாதங்கள் பிடித்தன. முதல் சில மாதங்கள் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையும் சேர்ந்தே இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல, மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. இதயம், தைராய்டு ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உளவியலாளரை முதல்முறை பார்க்கும்போது, வாராவாரம் வீட்டில் செய்ய என்ன கொடுப்பீர்கள், தம்பியோடு பேருந்து நிலையம் வரை வருவீர்களா அல்லது அதற்கு எப்படித் திட்டமிடுவீர்கள் என்று கேளுங்கள். பேச்சு மட்டும்தான், அறைக்கு வெளியே செய்ய எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அது நான் மேலே சொன்ன சிகிச்சை அன்று, வேறொருவரைத் தேடுங்கள்.