தங்கச் சேர்மங்கள் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

ஆகலாம். ஆரனோஃபினையே எடுத்துக்கொள்ளுங்கள், 1985இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்ற தங்க மருந்து, இப்போது புற்றுநோய்க்கும் சோதித்துப் பார்க்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் உள்ள பிளாட்டினம் செல்லின் டிஎன்ஏவைப் பிடிக்கும். தங்கம் அப்படியில்லை, கந்தகம், செலினியம் என்றால் அதற்கு உயிர், அதனால் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதியிலுள்ள செலினியத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது, நொதி முடங்கியதும் அது அடக்கி வைத்திருந்த ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் பெருக்கம்) ஏறி, ஏற்கெனவே அந்த விளிம்பில் நிற்கும் புற்றுசெல் தாங்காமல் சாகிறது. சரி, சிக்கல் எங்கே? ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்திலும் கந்தகம் இருக்கிறதே, தங்கம் வழியிலேயே அதில் மாட்டிக்கொள்கிறது! தங்கத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறுகளை மாற்றி இதைத் தடுக்க வேதியியலாளர்கள் மெனக்கெடுகிறார்கள், என் பெரிய எதிர்பார்ப்பும் அதில்தான். அப்புறம், உலோகத் தங்கத்தை விழுங்கினால் இதெல்லாம் நடக்காது.