வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கட்டியா?

கேள்வி: எனக்கு இது 24-ஆவது வாரம். கடலூரில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் வால் எலும்பருகே 4 செ.மீ. கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். புதுச்சேரி போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமாம். இது புற்றுநோயா? எம்.ஆர்.ஐ. குழந்தையைப் பாதிக்காதா? கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால்தான் இப்படி என்கிறார் மாமியார்.
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

அந்த இடத்தில் வரும் கட்டி பெரும்பாலும் டெரட்டோமா, அதாவது பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி. சுமார் 35,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அபூர்வமானது. பிறக்கும் சமயத்தில் பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் அதை உறுதியாகச் சொல்வது, கட்டியை எடுத்தபின் செய்யும் பயாப்சி என்ற திசுப் பரிசோதனைதான். தண்டுவடம் பிதுங்கும் குறையும் ஸ்கேனில் இதுபோலத் தெரியலாம். அதில் பெரும்பாலும் மூளையின் பின்பகுதி வடிவம் மாறியிருக்கும். கட்டி கீழே இருக்க, ஸ்கேனில் டாக்டர் குழந்தையின் தலையை நெடுநேரம் பார்த்தால் அது அதற்காகத்தான்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியும் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. கட்டி இடுப்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை எலும்பு மறைப்பதால் சாதாரண ஸ்கேன் சரியாகக் காட்டாது. அதற்குத்தான் இது. தயங்காமல் எடுங்கள்.

என் கவலை அளவைவிட ரத்த ஓட்டத்தைப் பற்றியது. கட்டி நீர் நிறைந்த பையாக இருந்தால் ஓரளவு நிம்மதி. ரத்தக்குழாய் நிறைந்த கெட்டிக் கட்டி என்றால் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். குழந்தையின் இதயம் திணறும், உடலில் நீர் கோக்கும். அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். இடையில் உங்கள் வயிறு திடீரென்று பெருத்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இது பெண் குழந்தைகளுக்கு அதிகம் வரும் என்று படித்துவிட்டு, ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லக் கூடாது.

பிரசவத்தை, குழந்தை அறுவை சிகிச்சைத் துறையும் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வும் ஒரே இடத்தில் உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டி 5 செ.மீ. தாண்டினால் பெரும்பாலும் சிசேரியன்தான். பிறந்தபின் கட்டியை வால் எலும்போடு சேர்த்தே எடுப்பார்கள். எலும்பை விட்டுவைத்தால் கட்டி திரும்ப வர வாய்ப்பு அதிகம். அப்புறம் கட்டி திரும்ப வருகிறதா என்று அறிய, சுமார் 3 வருடம் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரி போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களையும் வாங்கிக்கொண்டு போங்கள்.