கொள்ளை போன பைக்குக்கு வெளியேறும் முத்திரை எங்கே வாங்குவது?

கேள்வி: மோட்டார் சைக்கிளில் வெளிநாட்டுப் பயணம் போயிருந்தேன். மூன்றாவது நாட்டில், ஆளரவமற்ற சாலையில் இருவர் கத்தியைக் காட்டி நிறுத்தினார்கள். கையில் வெட்டு விழுந்தது. பைக்கோடு பாஸ்போர்ட், செல்போன், வண்டிக்கான சுங்க ஆவணமான கார்னெட் எல்லாம் போய்விட்டன. மறுநாள் போலீசில் புகார் கொடுத்தேன். தூதரகம் தந்த அவசரப் பயண ஆவணத்தில் நாடு திரும்பினேன். இப்போது கார்னெட் கொடுத்த மோட்டார் சங்கம், வண்டி வெளியேறியதற்கு முத்திரை இல்லை என்று உத்தரவாதத் தொகையைத் தர மறுக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்கிறது. இங்கேயே வழக்குப் போடலாமா? பணம் கொடுத்தால் வேறொரு எல்லையில் முத்திரை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரையை வாங்காதீர்கள். வண்டி கொள்ளை போனது என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதே வண்டி எல்லையைத் தாண்டிப் போனதாக இன்னொரு காகிதம் வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்றாகிவிடும். இன்று நீங்கள் பாதிக்கப்பட்டவர். அந்த முத்திரை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து சுங்க ஆவணத்தைப் போலியாக்கியவர், காப்பீட்டில் மோசடி செய்தவர் என்று இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு ஆளாவீர்கள். அந்த நபரிடம் இனிப் பேச வேண்டாம்.

சரி, சங்கம் ஏன் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது? கார்னெட் என்பது வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக உள்ளே விடுவதற்கான உறுதிமொழி. வண்டி திரும்ப வெளியே போகாவிட்டால் இறக்குமதி வரியைச் சங்கம் கட்ட வேண்டும், பிறகு உங்களிடம் வசூலிக்க வேண்டும். உங்கள் பைக் அந்த நாட்டுக்குள் வந்தது பதிவாகியிருக்கிறது, வெளியேறியது பதிவாகவில்லை. யார் எடுத்துப் போனார்கள் என்பது சுங்கத் துறையின் ஏட்டில் இல்லை. போலீசுக்குச் சொன்னால் சுங்கத்துக்கும் சொன்னதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. திருட்டு நடந்தது என்பதற்காக வரிப் பொறுப்பு தானாக நீங்கிவிடுவதும் இல்லை.

தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதிக்கு 1954-ஆம் ஆண்டின் சுங்க ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாடு அதில் உறுப்பினராக இருந்தால் இரண்டு கால வரம்புகள் உங்களுக்கு உதவும். கார்னெட் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் சுங்கத் துறை சங்கத்துக்கு அறிவிப்பு அனுப்பினால்தான் வரி கேட்க முடியும். அறிவிப்பு வந்த பிறகு ஆதாரம் காட்டச் சங்கத்துக்கு இன்னும் ஓராண்டு உண்டு. ஆகவே சங்கம் இப்போது பணத்தை நிறுத்தி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் காலவரையின்றி வைத்திருக்க முடியாது. அவர்கள் மேல் இன்றே வழக்குப் போடுவதில் பயனில்லை. எந்தெந்த ஆவணம் தந்தால் கணக்கை முடிப்பீர்கள், எந்தத் தேதிக்குள் தொகையைத் திருப்புவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கார்னெட் புத்தகமும் கொள்ளை போனதை எழுதிக் கொடுத்து அதன் எண்ணை ரத்து செய்யச் சொல்லுங்கள். அதை வேறொரு வண்டிக்கு யாராவது பயன்படுத்தினால் பிரச்சினை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நீங்கள் அனுப்பிய போலீஸ் அறிக்கையில் ஒரு பெரிய குறை தெரிகிறது. வண்டியின் பதிவெண் இருக்கிறது, சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இல்லை. நம்பர் பிளேட்டை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சுங்கம் வண்டியை அடையாளம் காண்பது சேஸிஸ் எண்ணை வைத்துத்தான். அந்த ஊரில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, உங்கள் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம் கொடுத்து, இந்த எண்களைச் சேர்த்துத் திருத்திய அறிக்கையை வாங்குங்கள். இரண்டு நாடுகளும் 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தால் அதிகாரப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அதைத் தந்த நாடு அளிக்கும் சான்று, போதும். இல்லையென்றால் தூதரகம் வழியாகச் சான்றளிக்க வேண்டியிருக்கும். திருத்திய அறிக்கை வந்ததும் அதன் நகலை, வண்டி நுழைந்த எல்லைச் சுங்க அலுவலகத்தில் அதே வழக்கறிஞர் மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்த ஒப்புகைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

காப்பீட்டுக்கு வருவோம். பயணக் காப்பீடு பொதுவாக மருத்துவச் செலவு, உடைமை, பாஸ்போர்ட் இழப்பு இவற்றைப் பார்க்கும், வண்டியைப் பார்க்காது. வண்டிக் காப்பீடோ பாலிசியில் எழுதிய எல்லைக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுக்கு நீட்டித்திருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்பதுதான் மறுப்புக்குக் காரணம் என்றால், கையில் தையல் போட்ட மருத்துவமனைச் சீட்டைக் காட்டுங்கள். நேரமும் தேதியும் உள்ள அந்தச் சீட்டு தாமதத்தையும் விளக்கும், நடந்தது வழிப்பறி என்பதற்கும் வலுச் சேர்க்கும். மறுப்பை எழுத்தில், எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். உண்மையில் கொள்ளை போகாத பொருள் ஒன்றைக்கூடப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு பொய், முழு இழப்பீட்டையும் கவிழ்த்துவிடும்.

கொள்ளையர் மேல் இங்கே குற்ற வழக்குப் போட முடியுமா என்றால், பொதுவாக முடியாது. குற்றம் நடந்த நாட்டுக்குத்தான் விசாரிக்கும் அதிகாரம். தூதரகத்தாலும் அங்கே துப்புத் துலக்க முடியாது. தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி பயண ஆவணம் தருவதும் குடிமக்களுக்கு உதவுவதும் அவர்கள் வேலை. வழக்கின் நிலையை அந்த நாட்டு அதிகாரிகளிடம் கேட்டுச் சொல்லும்படி அவர்களுக்கு எழுதலாம், எழுதுங்கள். நீங்கள் காயப்பட்டிருப்பதால், வன்குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த அரசு இழப்பீடு தருகிறதா, வெளிநாட்டவருக்கும் உண்டா என்று உங்கள் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கக் கால வரம்பு இருக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய பாஸ்போர்ட் யாராவது எடுத்து அனுப்பி உங்கள் கைக்கு வந்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள். திருடு போனதாக அறிவித்த பாஸ்போர்ட்டின் எண் இன்டர்போலின் தரவுத்தளத்துக்குப் போயிருக்கும். 2002 முதல் அது இயங்குகிறது. எல்லையில் உங்களையே நிறுத்தி வைப்பார்கள்.

அப்புறம், பைக் கிடைத்துவிட்டால்? உடனே ஓடிப் போய் ஓட்டி வர முடியாது. சாட்சிப் பொருளாகப் போலீஸ் வைத்திருக்கும், விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம், கார்னெட்டும் காலாவதியாகியிருக்கலாம். அந்தச் செய்தி வந்த அன்றே சங்கத்துக்கும் சுங்கத்துக்கும் எழுதிவிடுங்கள். அதற்குள் காப்பீட்டுப் பணம் வாங்கியிருந்தால் வண்டி பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்களைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.