உயரம் குறைந்த பிட்சருக்கு இடம் உண்டா?

கேள்வி: மகனுக்கு 15 வயது, உயரம் 5 அடி 6 அங்குலம். பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். உயரத்தைப் பார்த்ததுமே பயிற்சியாளர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கல்லூரி அணியில் எடுப்பார்களா?
– ஒரு தாய், டல்லாஸ்

பதில்: 5 அடி 7 அங்குல பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமன், டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே தேர்வானவர் அம்மா. அதற்காக வழி சுலபம் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் டிவிஷன் கல்லூரிகள் பந்தின் வேகத்தைத்தான் முதலில் கேட்கும். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனால் வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் சேஞ்சப்பை நினைத்த இடத்தில் போடுகிற பையனுக்கு அங்கே மதிப்பு உண்டு. இரண்டு வருட ஜூனியர் காலேஜையும் ஒதுக்காதீர்கள், அதற்குள் உடம்பு தேறிவிடும்.

கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு வீடியோ அனுப்புங்கள்: பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பின்னணிப் பாட்டெல்லாம் வேண்டாம். மெயிலைப் பையனே எழுதட்டும். அப்பா எழுதினால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்!

அப்புறம், தோள் பத்திரம். அமெரிக்க பேஸ்பாலின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ விதிப்படி இந்த வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 76-ஐ எட்டினாலே 4 நாள் ஓய்வு. வார இறுதியில் இரண்டு டீமுக்கு வீசுகிறானா? ஒன்றை நிறுத்துங்கள்.