சாமந்திக்கு வேண்டியது இருட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாசலில் இருக்கும் நான்கு சாமந்தித் தொட்டிகளும் தழைத்து நிற்கின்றன; நவம்பர் பிறந்தும் ஒரு மொட்டு இல்லை. பின்புறம் கவனிப்பாரற்றுக் கிடந்த ஐந்தாவது தொட்டி பூத்துவிட்டது. வாரம்தோறும் யூரியா கரைத்து விடுகிறேன். வாழைப்பழத்தோல் ஊறிய நீரும் கொடுத்தேன். இலையைக் குறைத்தால் சத்து மொட்டுக்குப் போகும் என்றார்கள், பாதியை உருவிவிட்டேன். வாசல் விளக்கு விடிய விடிய எரிவதால் பூச்சி வருமோ என்றும் பயம். என்ன உரம் போடலாம்? கிறிஸ்துமஸ் செடியான பாயின்செட்டியாவும் சிவக்கவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரவு விளக்குகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பூச்சிக்குப் பயந்த வரியில். அந்த விளக்குதான் காரணம்.

பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்கத் தாவரவியலாளர்கள் கார்னரும் அல்லார்டும் எழுதினார்கள். செடி கணக்கிடுவது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்பது பிறகு தெளிவானது. 1938இல் ஹாம்னர், பானர் என்ற ஆய்வாளர்கள், சாமந்தியைப் போலவே இரவு நீண்டால்தான் பூக்கும் ஒரு களைச்செடிக்கு நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினார்கள், அது பூக்கவில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. வணிகத்துக்காகச் சாமந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை விளக்குப் போடுகிறார்கள். அவர்கள் மின்சாரம் செலவழித்துச் செய்வதை நீங்கள் அறியாமலே செய்துகொண்டிருக்கிறீர்கள். ரோஜா இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. விளக்கடியில் அது பூப்பதைப் பார்த்துச் சாமந்தியையும் அங்கேயே வைத்துவிடுகிறோம்.

இலையை உருவியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரவின் நீளத்தை அறிவது இலை, மொட்டு அல்ல. 1930களில் சோவியத் தாவரவியலாளர் சைலாக்யான் இதைச் சாமந்தியிலேயே காட்டினார். மேல்பகுதியின் இலைகளை நீக்கி, கீழே உள்ள இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு கொடுத்தார், நுனி பூத்தது. பூக்கச் சொல்லும் செய்தி இலையிலிருந்து போகிறது. நன்றாக இருந்த இலையை யார் சொன்னாலும் உருவலாமா? கரும்புள்ளி விழுந்த அடி இலைகளை மட்டும் எடுங்கள். கத்தரிக்கோலையும் தொடாதீர்கள், நுனி கிள்ளும் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு செடி 15 செ.மீ. உயரம் வந்ததும் 2 செ.மீ. நுனியைக் கிள்ளுங்கள், கிளைத்தபின் இன்னொரு முறை. இரவு நீளத் தொடங்குமுன் நிறுத்திவிடுங்கள்.

இப்போது தொட்டிகளை விளக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், பகலில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாக. இரவில் தொட்டியருகே நின்று அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த இடம் வேண்டாம். நவம்பர் இரவே 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும், மூட வேண்டியதில்லை. நகர்த்தவே முடியாத தொட்டி என்றால் மாலை 6 முதல் காலை 7 வரை தடித்த கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கூடாரம்போல் மூடுங்கள். பிளாஸ்டிக் கூடாது, உள்ளே வெப்பம் 25 டிகிரியை நன்றாகத் தாண்டினால் இருட்டு கொடுத்தும் மொட்டு தாமதமாகும். மொட்டில் நிறம் தெரியும்வரை ஓர் இரவும் விடாதீர்கள். இடையில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தால் மொட்டு கட்டியும் வளராது. அதன் கீழே குறுகலான, நாடா போன்ற இலைகள் வரும். அப்படிக் கண்டால் எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது என்று தேடுங்கள்.

உரம் கேட்டீர்கள். யூரியாவை இன்றே நிறுத்துங்கள். அது தழையைத்தான் வளர்க்கும். சாம்பல்சத்து மிகுந்த கரையும் உரத்தைச் சொன்ன அளவில் பாதியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நிறம் தெரிந்ததும் அதுவும் வேண்டாம். பழத்தோல் நீரால் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. தண்ணீர் காலையில், மண்ணுக்கு மட்டும்.

பாயின்செட்டியாவுக்கும் இதே மருந்துதான், இன்னும் கண்டிப்பாக: தினமும் 14 மணி நேர இருட்டு, 8 முதல் 10 வாரம். சிவப்பது பூ அல்ல, பூவடி இலை. இப்போது தொடங்கினால் ஜனவரியில் சிவக்கும். சாமந்திக்கும் ஏறக்குறைய அதே அளவு காலம் ஆகும். இலை உருவிய செடிகள் சில வாரம் பிந்தலாம். வெயில் காலம் முழுக்கச் செடிகளைச் சாகவிடாமல் காத்தவர் நீங்கள். அந்தச் சில வாரமும் பொறுங்கள்.