டீ மெஷினில் 11 மணிக்கு மேல் வெறும் வெந்நீர் வருவது ஏன்?

காலையில் கெட்டியாக வரும் டீ, கூட்டம் கூடியதும் தண்ணீராகிறது என்றால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள் சார். சர்வீஸ்காரர் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வார்.

தொடர்ந்து கப் பிடிக்கும்போது மிக்ஸிங் பவுலிலிருந்து எழும் ஆவி, பிரீமிக்ஸ் (டீ, பால்பவுடர், சர்க்கரை கலந்த பொடி) விழும் குழாய் மூக்கில் படிகிறது. பால்பவுடரும் சர்க்கரையும் ஈரம் பட்டதும் இறுகி, பழுப்பு நிறத்தில் அடையாக மூக்கை அடைத்துவிடும். உள்ளே பொடியைத் தள்ளும் திருகு சுற்றும், பொடி விழாது.

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூக்கைக் கழற்றி வெந்நீரில் ஊறவையுங்கள். மாட்டும் முன் முழுக்கக் காயவேண்டும். துளி ஈரம் இருந்தாலும் மறுபடி அடைக்கும். ஆவியை வெளியேற்றும் ஃபேனையும் பாருங்கள். அதன் வழியில் பொடி அப்பியிருந்தால் மூக்கைக் கழுவி மட்டும் பயனில்லை. தினமும் சாயங்காலம் பவுலை ரின்ஸ் செய்யுங்கள். டப்பாவில் அன்றைய தேவைக்கு மட்டும் பொடி போடுங்கள்.