மீண்டும் பாட்டெழுத வருகிறவருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி நாட்களிலிருந்தே பாட்டெழுதி, நானே மெட்டமைத்து, ஆர்மோனியம் வாசித்துப் பாடி வந்தேன். 1998-இல் என்னுடைய முருகன் பாடல்கள் ஆறு ஒலிநாடாவாக வெளிவந்தன; உறையில் என் பெயரைப் போடவில்லை. பிறகு திருமணம், பிள்ளைகள், மாமியாரின் நீண்ட நோய் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பாட்டு நோட்டைத் தொடவே இல்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் பல்லவி வருகிறது, சரணம் வர மறுக்கிறது. பழைய சுருதியில் குரலும் ஏறவில்லை. பழைய பாடல்களைத் திருத்திப் பதிவு செய்வதா, புதிதாக எழுதுவதா? அந்த ஆறு பாட்டையும் மறுபடி பாடி வெளியிட எனக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, புதிதாகவே எழுதுங்கள். பழைய பாட்டைத் திருத்தப் புகுந்தால், அதை எழுதிய இளம்பெண்ணோடு வழக்காடுவதிலேயே உங்கள் பொழுது கழிந்துவிடும்.

பல்லவி ஓர் உணர்ச்சியின் வேகத்திலேயே வந்து விழும். சரணத்துக்கோ சொல்வதற்கு ஒரு செய்தி வேண்டும். இளமையில் அந்த இடத்தைக் கேட்டுப் பழகிய அடைமொழிகளால் நிரப்பியிருப்பீர்கள். இன்று உங்கள் மனம் அதற்கு இசையவில்லை என்றால், அது நல்ல அறிகுறி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே, யாருக்காக, எந்த நேரத்தில் பாடப்படும் பாட்டு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் உரைநடையில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பிறகு மெட்டுக்கு வாருங்கள். செட்டிநாட்டில் இருப்பவருக்கு இதற்கான சந்தர்ப்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடிக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, பின்னால் வருபவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். அப்படிப் பாட வேண்டுமானால் அடி ஒரே மூச்சில் முடிய வேண்டும். அதன் கடைசிச் சொல் கேட்டவுடன் நாவில் நிற்க வேண்டும். நடக்கிற காலுக்கு 'தகதிமி' என்று நான்கு நான்காக எண்ணும் சதுசிர நடை பொருந்தும். காவடி தோளேறி ஆடத் தொடங்கினால் 'தகிட' என்று மூன்று மூன்றாக எண்ணும் திசிரம்தான் துள்ளும். ஆகவே நடைக்கா, ஆட்டத்துக்கா என்று தெரியாமல் சொல்லை அடுக்காதீர்கள். 'வேலவா உன் பாதமே துணை' என்று யாரும் எழுதிவிடலாம். 'கொப்புளம் வெடித்த காலுக்கு முன்னே கூட நடப்பவன் வேலவன்' என்று தொடங்கினால், அடுத்த அடிக்கு வெயிலும், வழியில் மோர் ஊற்றும் கையும், இரவு தங்கும் இடமும் தாமாகவே வந்து சேரும்.

காலக்கெடு இருந்தால்தான் எழுத வரும் என்றால், கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்பை வைத்துக்கொள்ளுங்கள். இழை எடுக்க, அதாவது நூல்திரி ஏற்றிய மாவை வாங்கி உண்ண, வீட்டார் எல்லோரும் கூடும் அந்த வேளைக்குப் புதிதாக ஒரு விநாயகர் பாட்டு எழுதினால், கேட்பதற்கு ஆளும் இருக்கும், மறுமுறை பாடச் சொல்வதற்கும் ஆளிருக்கும். மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைய முன்னின்றவர் உங்கள் பக்கத்துக் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

குரலைப் பற்றிக் கவலை வேண்டாம். வயதும் பழக்கமின்மையும் சேர்ந்தால் பெண்களின் சுருதி இறங்குவது இயல்பு. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம்; ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலரைக்கு வருவதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் சுருதியை இறக்கினால் மெட்டின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து இறங்கிவிடும். மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப', ஒலிக்காமல் போனால் அது வரும் இசைத்தொடரை மாற்றி அமையுங்கள். காலையில் 'ஆ' என்று நீட்டிப் பாடிப் பழகும் மெதுவான அகார சாதகம் போதும். மேல் பஞ்சமத்தை எட்டிப் பிடிக்க இப்போது முயல வேண்டாம்.

இனி உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொற்களையும் மெட்டையும் இரு தனிப் படைப்புகளாகவே கொள்கிறது. நிறுவனத்தின் சம்பளப் பணியாளராக இல்லாமல் எழுதியிருந்தால், இரண்டுக்கும் முதல் உரிமையாளர் நீங்களே. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். அப்படிக் கையெழுத்திட்ட தாளில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் கருதும். இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டுமே. எனவே அந்தத் தாளைத் தேடி எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காலம் எழுதப்படாமல் இருந்தால் உரிமை எப்போதோ உங்களிடம் திரும்பியிருக்கும். அந்த ஆறு பாட்டையும் நீங்கள் புதிதாகப் பாடி வெளியிடலாம். ஆனால் பழைய ஒலிநாடாவை அப்படியே யூடியூபில் ஏற்றக் கூடாது. அந்த ஒலிப்பதிவு தயாரித்தவருக்கு உரியது, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பெயர் போடாத குறை என்னையும் வருத்துகிறது. படைப்பாளி தன் பெயரைக் கோரும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் அவரைவிட்டுப் போகாது. அதை நீங்கள் இன்றும் எழுத்தில் கேட்கலாம்.

கேள்வி: நானும் ஓய்வுபெற்ற பின் பாட்டெழுதத் திரும்பியவன். கைப்பேசியில் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறதே, ஏன்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் செட்டிநாட்டு வீட்டின் முற்றமான வளவிலோ, கூடமான பட்டாலையிலோ அமர்ந்து பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும், உயர்ந்த கூரையும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். துணிகளும் மெத்தைகளும் அடுக்கியிருக்கும் சிறிய உள்வீட்டு அறையில் பாடிப் பாருங்கள்; வித்தியாசம் முதல் அடியிலேயே தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 'ப' வரும் இடங்களில் காற்று மோதாது. சுருதியை ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்போனில் கேளுங்கள். அது பதிவில் கலக்கக் கூடாது. பதிவை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மிருதங்கமோ புல்லாங்குழலோ சேர்க்கிற கலைஞர் அதைத்தான் கேட்பார்.